வாய் கரையைப் பார்த்த அடைப்பு

நன்றி சொல்வதில் தவமலருக்குக் கஞ்சத்தனம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது லண்டனில் எல்லோரும் செய்வதுதான். இவள் ஸ்டேஷனில் அட்டையைக் காட்டியதும் திறந்துகொள்ளும் கதவுக்கும் வாய்க்குள்ளேயே ஒரு ‘தாங்க்ஸ்’ போடுவாள். மகள் ஆரணி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் எத்தனை கதவுகள் திறக்காமலேயே இருந்தன என்பது தொண்ணூற்றாறில் வந்து இறங்கிய அவளுக்குத்தான் தெரியும். கணவர் காலமாகி ஆறு வருடம், மகள் லீட்ஸில் படிக்கிறாள், தனக்கு ஐம்பத்தெட்டு வயது, கையில் ஒரு வேலை, தலைக்கு மேல் கவுன்சில் கொடுத்த கூரை. இதற்கு மேல் கேட்டால் அது பேராசை என்பது அவள் கட்சி.

அந்த வேலைதான் இந்தக் கதை. லூயிஷாமில் சின்ன ரயில் ஏறி, கனரி வார்ஃபில் ஜூபிலி லைனுக்கு மாறி, வெம்பிளியில் ஒரு புடவைக் கடையின் மேல் மாடிக்கு வாரம் நான்கு நாள் போய் வருகிறாள். மாடியில் இரண்டே அறை. கையால் எழுதிய பழைய தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது தொழில். முதலாளி கனகாம்பிகை. கிங்ஸ்பரியில் சொந்த வீடு, அறுபத்தாறு வயது, நிமிர்ந்த நடை, எதையும் ஒருமுறைக்கு மேல் சொல்லாத குரல். ஊரில் பெரிய வளவும் வீடும், நெல்லும் புகையிலையுமாக இருந்த குடும்பம் என்று யாரும் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். சுவரில் அந்த வீட்டின் படம் மாட்டியிருந்தது.

தொழிலின் முறை இது. ஒரே தாளை இரண்டு பேர், ஒருவர் அடிப்பதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக அடிப்பார்கள். ஒரு அறையில் தவமலர், மற்ற அறையில் கனகாம்பிகை. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே வேறுபாடு இருக்கிறதோ அங்கே சிவப்புக் கோடு போடும். இரண்டு பேரும் ஒரே பிழையை ஒரே இடத்தில் விடுவது அபூர்வம் என்பதால் இப்படி.

“கண் கண்டதைக் கை அடிக்கோணும். மூளை நடுவில வரக்கூடாது,” என்று முதல் நாளே கனகாம்பிகை சொல்லிவிட்டார். “எழுதினவன் பிழையா எழுதியிருந்தால் அந்தப் பிழையையும் அடியும்.”

பதினெட்டு வருடமாகத் தவமலர் அந்தச் சொல்லைத் தட்டியதில்லை.

அதே முதல் நாளில்தான் வேறொன்றும் நடந்தது. யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் விசாரணை தொடங்கிவிடும். லண்டன் என்றால் என்ன, வெம்பிளி என்றால் என்ன, அந்த வழக்கம் விமானத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏறி வந்து இறங்கியிருந்தது.

“ஊரில எவடம் பிள்ளை? ஐயா என்ன செய்தவர்?” என்று கனகாம்பிகை கேட்டார்.

ஐயாவின் தொழிலைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும், அதற்காகத்தான் கேட்கிறார்கள் என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். தவமலரின் அப்பா செல்லப்பன் அராலித்துறைக் கரையில் மீன் அடைப்புக் கட்டுபவர். கடல் வற்றும் இடத்தில் கழி நட்டு, வளைத்து வேலி கட்டி, உள்ளே மாட்டிய மீனை அள்ளி வந்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். வேலை கைக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கைவிட மனமில்லாமல் தவமலர் சொன்னாள்.

“யாழ்ப்பாணம் டவுன் பக்கம் அக்கா. அப்பா கச்சேரியில கிளாக்கர்.”

பொய்யைச் சொல்வது சுலபம். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். அடுத்த வாரமே கனகாம்பிகை தன் சித்தப்பாவும் அதே கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில்தான் இருந்தார் என்றார். தவமலர் அவசரம் அவசரமாக அப்பாவை மன்னாருக்கு இடமாற்றம் செய்யவேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பென்ஷனும் கொடுத்து ஓய்வுபெற வைத்தாள். வாழ்நாளில் ஒரு நாள்கூடச் சட்டை போடாத மனுஷன், மகள் வாயில் நீளக் காற்சட்டையோடு சைக்கிளில் அலுவலகம் போய்வந்தார். நினைக்கும்போதெல்லாம் தவமலருக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். மகள் ஆரணிக்குக்கூட அம்மப்பா கிளாக்கர்தான். குழந்தை எங்கேயாவது சொல்லிவைத்தால் என்ன செய்வது?

கனகாம்பிகை நல்லவராக இருந்துதான் காரியத்தைக் கெடுத்தார். தவமலரின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் ஒரு நாள் சம்பளம் குறையவில்லை. தைப்பொங்கல், தீபாவளி, ஆரணியின் பரீட்சை முடிவு எல்லாவற்றுக்கும் கிங்ஸ்பரி வீட்டில்தான் சாப்பாடு. இப்படிப்பட்டவரிடம் போய், நான் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

போன வருடம் மாசி மாதம் ஸ்கொட்லாந்திலிருந்து பெட்டிகள் வந்தன. அங்கே ஒரு சிறிய அமைப்பு, பழைய ஸ்கொட்ஸ் பேச்சுச் சொற்களுக்கு அகராதி சேர்க்கிறது. நூறு வருடங்களுக்கு முன் யாரோ ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய அட்டைகள், பதினோராயிரம். மங்கிய மை, கோழி கிளறிய கையெழுத்து. எந்த இயந்திரத்தாலும் வாசிக்க ஏலவில்லை என்றுதான் மனிதக் கைகளிடம் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது பெட்டி முழுவதும் பட்டிகளுக்கும் அடைப்புகளுக்குமான சொற்கள். தவமலருக்கு அது தேன்குடம் கிடைத்தாற்போல ஆயிற்று. ‘பக்ட்’ என்றால் பால் கறப்பதற்காக ஆடுகளை அடைக்கும் சிறு பட்டி. ‘பிளாண்டிகுரூ’ என்பது முட்டைக்கோசு நாற்றைக் காற்று அடித்துப் போகாமல் சுற்றிக் கட்டும் கல் வட்டம். ‘குரூவ்’ என்றால் ஆற்றுக்குக் குறுக்கே வைக்கும் மீன் கூடு. பன்றி அடைக்கும் கொட்டிலுக்கும் ஏழையின் குடிசைக்கும்கூட அதே பெயர்தான். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை அந்தக் கூட்டைத் திறந்து வைக்கவேண்டும், மீன் தடையில்லாமல் மேலே போகவேண்டும் என்று அங்கே ஒரு சட்டமே இருந்ததாம். மீனுக்கும் வார இறுதி லீவு! தவமலர் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

சொற்களைவிட அவளைப் பிடித்து உலுக்கியது அட்டைகளின் அடிவரி. ஒவ்வொன்றின் கீழும், சொன்னவர் யார் என்று எழுதியிருந்தது. இன்னார், இடையர். இன்னார், மீன் அடைப்புக் கட்டுபவர். பெயரும் தொழிலும் பக்கத்தில் பக்கத்தில், யாரும் யாருக்கும் வெட்கப்படாமல். படித்த மனிதர் ஒருவர் சேற்றுக் கரையில் நின்று அவர்களிடம் கேட்டு, கேட்டதை எழுதி, கேட்கப்பட்டவன் பெயரையும் எழுதியிருக்கிறார். இதைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு என்று நினைத்தாள். அந்த நினைப்பின் பின்னாலேயே அப்பாவின் முகமும் வந்தது.

பிறகுதான் ‘யேர்’ என்ற அட்டை வந்தது. கடல் பெருகி வற்றும் முகத்துவாரத்தில் கல்லும் கழியும் கொண்டு பிறை போல வளைத்துக் கட்டும் மீன் அடைப்பு. சொன்னவர் சாண்டி மக்ரே, அடைப்புக் கட்டுபவர். எல்லாம் சரி. ஆனால் ‘அதன் வாய் கடலைப் பார்த்திருக்கும்’ என்று முடிந்திருந்தது.

‘கரையைப் பார்த்திருக்கும்’ என்று தவமலரின் கை அடித்தது. அவள் அறியாமலேயே அடித்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு கணம் நின்றாள். கடல் பார்த்த வாயால் ஒரு மீனும் பிடிக்க முடியாது. சாண்டி மக்ரே என்ற அந்த மனிதர் செத்த பிறகு அவரை முட்டாளாக்கி வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. அடித்தாள், அடுத்த அட்டைக்குப் போனாள்.

மத்தியானம் சிவப்புக் கோடு விழுந்தது. கனகாம்பிகை அடித்ததில் கடல், தவமலர் அடித்ததில் கரை. கனகாம்பிகை அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கடல் எண்டு சோக்கா எழுதிக் கிடக்கு. என்னெண்டு தவம் கரை எண்டு அடிச்சனீர்?”

“கண் பிழைச்சிட்டுது அக்கா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள். கனகாம்பிகை கோபித்திருந்தால் தப்பியிருக்கலாம். அவர் கவலைப்பட்டார். அன்று பின்னேரமே தன் காரில் ஏற்றி, கிங்ஸ்பரியில் தனக்குத் தெரிந்த குஜராத்திக் கண் பரிசோதகரிடம் கூட்டிக்கொண்டு போனார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தவமலர் கடகடவென்று வாசித்தாள். அதற்கும் கீழே, பலகையைச் செய்த கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பழக்கதோஷம், அதையும் வாசித்துத் தொலைத்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, தன் கண்ணைவிட நல்ல கண் என்று பரிசோதகர் கையை விரித்துவிட்டார்.

காரில் திரும்பி வெம்பிளி வந்ததும் கனகாம்பிகை சொன்னார்.

“கண் பிழை இல்லையெண்டால் வேற என்ன பிழை? ஸ்கொட்லாந்துக்காரரின்ர ஒப்பந்தத்தில கிடக்கு தவம். காரணம் தெரியாத பிழை ஒண்டு வந்தால் அந்த ஆள் அடிச்ச எல்லா அட்டையையும் திருப்பிப் பாக்கோணும். வியாழக்கிழமை ஷீனாவோட கதைக்கோணும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லும்.”

ஷீனா அந்த அகராதியின் ஆசிரியர். வியாழன் வர இரண்டு நாள் இருந்தது. தவமலர் எல்லாப் பொய்யையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். தலை சுற்றியது என்று சொல்லலாம். எங்கோ புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் இன்னும் ஒரு வருடத்துக்குச் சோறு கேட்கும் பொய். உண்மையைச் சொன்னால் பதினெட்டு வருட அக்காவை இழக்க நேரும். அப்பாவை மன்னாருக்கு அனுப்பியதுபோல இந்த விஷயத்தை எங்கும் இடமாற்றம் செய்ய முடியாது.

வியாழன் காலை பத்து மணிக்கு ஷீனாவின் முகம் திரையில் வந்தது. நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடி. கனகாம்பிகையும் தவமலரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ‘யேர்’ அட்டை.

ஷீனா மரியாதையாகத்தான் கேட்டாள். ஏன் மாற்றினீர்கள்?

தவமலர் அட்டையின் அடிவரியைப் பார்த்தாள். சாண்டி மக்ரே, அடைப்புக் கட்டுபவர்.

“அட்டை பிழை,” என்றாள், தன் உடைந்த ஆங்கிலத்தில். “கடலைப் பார்த்த வாயால் மீன் பிடிக்க முடியாது.”

மேசையில் கிடந்த பென்சில்களையும் ரப்பரையும் எடுத்து வளைவாக அடுக்கினாள். பெருக்கில் தண்ணீர் வேலிக்கு மேலாலே கரைக்கு வரும், மீனும் கூட வரும், கரையில் மேயும் என்று கையால் காட்டினாள். வரும்போது அதை யாரும் மறிப்பதில்லை. வற்றும்போது தண்ணீர் கடலுக்குத் திரும்பும். மீனும் திரும்பப் பார்க்கும். அப்போதுதான் வேலியின் வளைவில் மாட்டும். ஆகவே வாய் கரைப் பக்கம், முதுகு கடல் பக்கம். வரவில் அல்ல, போக்கில் பிடிப்பதுதான் அடைப்பு.

ஷீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தாள். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

தவமலர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று பயந்தாள்.

“என் அப்பா அடைப்புக் கட்டுபவர். பெயர் செல்லப்பன். பதினைந்து வயது வரை நானும் அவரோடு கழி பிடித்திருக்கிறேன்.”

சொல்லி முடித்ததும் முதலில் வந்தது பயம் அல்ல. உடம்பு லேசாயிற்று. காற்சட்டை போட்ட அந்தக் கிளாக்கர் எழுந்து போய்விட்டார். அப்பா தன் சொந்த உடம்போடு, இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றார். அவரைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! அழுகை வந்ததை அவள் மறைக்கவில்லை.

அந்த அட்டை நகல்தான், மூலக் குறிப்பேடு தங்களிடம் இருக்கிறது, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று ஷீனா பரபரப்போடு சொல்லி இணைப்பை முடித்தாள். கனகாம்பிகை எழுந்தார். பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவளையில் போட்டார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலைவரை அந்தக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. குறிப்பேட்டில் சாண்டி மக்ரே சொன்னபடியே இருந்தது: வாய் கரைக்கு. இருபது வருடம் கழித்து அதை அட்டையில் நகலெடுத்த குமாஸ்தா, மீன் கடலிலிருந்துதானே வருகிறது என்று தன் மூளையால் திருத்தியிருக்கிறான். எண்பது வருடமாக யாரும் கவனிக்கவில்லை. மறுபரிசோதனை தேவையில்லை, அடுத்த பெட்டிகளும் வரும், தவமலருக்கும் அவள் தந்தைக்கும் தங்கள் அமைப்பு மிகவும் கடமைப்பட்டிருக்கிறது என்று ஷீனா முடித்திருந்தாள். கனகாம்பிகை அதைத் தாளில் எடுத்துத் தவமலரின் மேசையில் வைத்தார்.

“நல்லது,” என்றார். அவ்வளவுதான்.

வேலை தப்பியது. அக்காவின் உறவு போய்விட்டது என்று தவமலர் முடிவு கட்டினாள். வெள்ளி இரவு அழுதாள். சனிக்கிழமை காலை, போகட்டும், பதினெட்டு வருடம் கிடைத்ததே, அதற்கும் நன்றி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவள் பிறவிக் குணம் அது.

ஞாயிறு மத்தியானம் லூயிஷாம் வீட்டில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கனகாம்பிகை. லிஃப்ட் வேலை செய்யாததால் நாலு மாடியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றார்.

“வாங்கோ அக்கா” என்று சொல்ல மறந்து தவமலர் விலகி நின்றாள். கனகாம்பிகை வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“பதினெட்டு வருசம் என்ர வீட்டில சாப்பிட்டனீர். ஒருக்காலும் என்னை இங்க கூப்பிடேல்லை. சரியான கை இறுக்கம் எண்டு நினைச்சிருந்தன்.” கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். “இப்பதான் விளங்குது. பயத்தில கூப்பிடேல்லை. தெரியாமல் உம்மட வீட்டில கை நனைச்சுப் போட்டு, பிறகு தெரிய வந்தால் நான் என்ன சொல்லுவனோ எண்டு.”

அதுதான் உண்மை.

“பொய் சொல்லிப்போட்டன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“இரும். நான் சொல்லி முடிக்கேல்லை. வியாழக்கிழமையில இருந்து ஒண்டைத்தான் யோசிக்கிறன். டைப் அடிக்க வந்த பிள்ளையிட்ட அப்பான்ர தொழில் எனக்கு என்னத்துக்கு? ஏன் கேட்டனான்?” குரல் உடைந்தது. அந்தக் குரல் உடையும் என்று தவமலருக்குத் தெரியாது. “பொய் சொன்னது நீர். சொல்ல வைச்சது நான். நீர் அண்டைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை தந்திருப்பனோ எண்டு என்னையே கேட்டுப் பாத்தன். தந்திருப்பன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை தவம்.”

இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கனகாம்பிகை தன் பழைய குரலில் கேட்டார்.

“என்ன சமையல்?”

“ஒண்டும் பெரிசா இல்லை அக்கா. சோறும் மீன் குழம்பும், முருங்கையிலை வறையும்.”

“பசிக்குது. போடும்.”

தவமலர் பதறிப்போய்ப் புதுத் தட்டைத் தேடி எடுத்தாள். கனகாம்பிகை கை கழுவிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். குழம்பு எப்படி என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஆரணிக்கு இது தெரியுமோ?”

“இல்லை. அவளுக்கும் கிளாக்கர்தான்.”

“போனை எடும். நான் இருக்கேக்குள்ளயே சொல்லும். இல்லாட்டில் நாளைக்கு நீர் மனம் மாறியிருவீர்.”

தவமலர் போனை எடுத்தாள். இரண்டாவது மணியில் மகள் எடுத்துவிட்டாள்.

“ஆரணி, அம்மா கதைக்கிறன். ஒண்டும் பயப்பிடாத, நல்ல விசயம்தான். உன்ர அம்மப்பாவைப் பற்றி…” என்று தொடங்கிய தவமலருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டே போனாள். கனகாம்பிகை அவளைக் கூப்பிடவில்லை. தானே எழுந்து அடுப்படிக்குப் போய், பானையைத் திறந்து, இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.